பூனைக்கு எது தோது: அட்டையா, கயிற்றுத் தூணா, கால்மிதியா?

பெங்களூரு அல்சூரில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. பத்து மாத அட்வான்ஸ் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, கூடத்தில் கிடக்கும் சோபாவும் அவருடையதுதான். அதன் வலது கைப்பிடியை எங்கள் பூனை சுண்டு நார் நாராகப் பிரிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அட்வான்ஸ்தான்.

பிறாண்டுவதை நிறுத்த முடியாது. நகத்தின் பழைய மேலுறை கழல வேண்டும், தூங்கி எழுந்தால் முதுகை நீட்டிச் சோம்பல் முறிக்க வேண்டும், பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையைப் பதித்து ‘இது என் இடம்’ என்று சொல்ல வேண்டும். பூனைக்கு இவ்வளவு வேலை இருக்கிறது. அதட்டினாலும் தண்ணீர் தெளித்தாலும் நாம் அந்தப் பக்கம் போனதும் செய்யும், அவ்வளவுதான். மாற்று இடம் கொடுப்பதுதான் வழி. எதைக் கொடுப்பது என்பதில்தான் நான் காசைக் கரைத்தேன்.

முதலில் வாங்கியது அட்டைப் பலகை. நெளி அட்டையை அடுக்கி ஒட்டித் தரையில் கிடத்துவது. விலை குறைவு. பார்சல் பெட்டிகளைப் பட்டை பட்டையாக வெட்டி வீட்டிலேயே செய்துவிடலாம், ஆனால் மைதாப் பசை வேண்டாம். நான் அதில் ஒட்டி, ஒரே வாரத்தில் கரப்பான்களுக்கு விருந்து வைத்தேன். பெவிகால் பரவாயில்லை. தரைவிரிப்பைக் கீறும் பூனைகளுக்கு அட்டை அருமையாகப் பொருந்தும். சுண்டுவோ நின்றுகொண்டு கீறுகிற ஜாதி. அட்டைமேல் படுத்துத் தூங்கினான்! மழைக்கால ஈரத்தில் அது நமத்துப்போனதும் குப்பைக்குப் போனது.

அடுத்தது கடையில் வாங்கிய கயிற்றுத் தூண். உச்சியில் ஒரு பந்து தொங்கும், பார்க்க அழகு, 1,400 ரூபாய். உயரம் ஒன்றரை அடிகூட இல்லை. வளர்ந்த பூனை பின்னங்கால்களில் எழுந்து முன்கால்களை முழுதாக நீட்ட ஏறக்குறைய 3 அடி வேண்டும். அதைவிடப் பெரிய குறை, அடிப்பலகை லேசு. சுண்டு ஒரு தடவை தொங்கினான், தூண் அவன்மேலேயே சாய்ந்தது. அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆடாத சோபாவை விட்டு ஆடுகிற தூணுக்கு அவன் ஏன் வரவேண்டும்?

மூன்றாவது, அம்மா சேலத்திலிருந்து வந்தபோது சொன்ன யோசனை. “பூனைக்குப் போய் ஆயிரத்துச் சொச்சமா? வாசல்ல கெடக்குற மிதியடியத் தூக்கிக் கட்டுடா!” தேங்காய் நார் மிதியடியை, கீறப்பட்ட கைப்பிடியின் மேலேயே நிமிர்த்திக் கட்டினோம். மூன்றே நாளில் சுண்டு அதற்கு மாறிவிட்டான். செலவே இல்லை, நாருக்கு நல்ல பிடிப்பு, சாயவும் வழியில்லை. நார் உதிரும், தினமும் பெருக்க வேண்டும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்று இருந்தது, அது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது: தேங்காய் நார் எங்கே கண்டாலும் அது தன்னுடையது என்று சுண்டு முடிவுகட்டியிருந்தான். எங்கள் மாடியில் மூன்று வீட்டு வாசலிலும் அதே மிதியடிதான். எதிர்வீட்டு ஆன்ட்டி தன் மிதியடியைத் தூக்கிக் காட்டிக் கன்னடத்தில் சொன்னதில் பாதிதான் புரிந்தது, மீதியை முகமே சொன்னது. தரைவிரிப்புத் துணி சுற்றிய தூண்களிலும் இதே வம்பு உண்டு. வீட்டில் வேறெங்கும் இல்லாத பொருளையே பூனைக்குக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக நானே ஒரு தூண் செய்தேன். இன்றுவரை நிற்பது அதுதான். பழைய மரக்கடையில் வாங்கிய 3 அடிக் கட்டை, கீழே அகலமான பலகை, பலகைமேல் பாரத்துக்கு யாரும் அரைக்காத எங்கள் அம்மிக்கல். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான். சுற்றுவதற்குக் கற்றாழை நார்க் கயிறு, கடைக்காரர்கள் சிசல் என்பார்கள். சணல் கயிறும் சரிதான். ஆனால் சீக்கிரம் பஞ்சாகிவிடும், சிலதில் எண்ணெய் வாடையும் அடிக்கும். இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றி, ஆணித்தலை வெளியே தெரியாமல் அடிக்க வேண்டும்.

தூணை வைக்கும் இடம் பொருளைவிட முக்கியம். மூலையில் ஒளித்தால் பூனை சீண்டாது. சோபாவின் அந்தக் கைப்பிடிக்கு முன்னாலேயே வைத்தேன், கைப்பிடியில் இருபக்கமும் ஒட்டும் டேப். பாதத்தில் பிசுபிசுப்பு பட்டால் பூனைக்குப் பிடிக்காது. தூங்கி எழும் நேரம் பார்த்துத் தூணருகில் ஒரு கயிற்றை ஆட்டுவேன், தாவிப் பிடிக்கும்போது நகம் தூணில் தானாகப் பதியும். கீறியதும் ஒரு துண்டு கருவாடு. காலைப் பிடித்துத் தூணில் தேய்க்காதீர்கள், மிரண்டுவிடும்.

வாசனைக்குக் கடைகளில் கேட்னிப் பொடி கிடைக்கும், பூனைகளைக் கிறங்கவைக்கும் ஒரு செடியின் பொடி. சுமார் மூன்றில் ஒரு பூனை அதைச் சட்டையே செய்யாது, சுண்டு அந்தக் கூட்டம். நம் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டல்லவா? அதன் வேரைக் கயிற்றில் தேய்த்ததும் தூணைக் கட்டிக்கொண்டு புரண்டான். தேய்ப்பதோடு சரி, தின்னக் கொடுக்கவில்லை.

இப்போது தூணைத் தினமும் நாலு விரற்கடை ஜன்னல் பக்கம் நகர்த்துகிறேன். கயிறு பிய்ந்து தொங்குகிறது, மாற்றவில்லை. அவன் வாசனை அதில்தான் இருக்கிறது. எதிர்வீட்டுக்குப் புது மிதியடி வாங்கிக் கொடுத்தாயிற்று, இந்தத் தடவை ரப்பர்.