முள்ளோடையில் டீசல் போடாத 18 மாதம்

கடலூர்க்காரன் டீசல் போட முள்ளோடைக்குத்தான் போவான். எல்லையைத் தாண்டியதும் வரிசையாக பங்க். புதுச்சேரியில் வாட் குறைவு என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். பக்கத்திலேயே இன்னொரு திரவத்துக்கும் வரிசையாகக் கடை உண்டு. அது இந்த மின்கார் விமர்சனத்துக்கு வேண்டாம்.

எனக்கு வீடு மஞ்சக்குப்பம், ஆபீஸ் புதுச்சேரி, தொழில் ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுப்பது. போக வர தினமும் 50 கிலோமீட்டர். 2013-ல் டீசல் கார் எடுத்தேன். அந்தச் சமயம் இந்தியாவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல்தான். மைலேஜ், இழுவை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். உண்மையான காரணம், அரசு டீசல் விலையைப் பிடித்து வைத்திருந்தது. 2014 அக்டோபரில் பிடியை விட்டார்கள், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து டீசல் இன்ஜின் விலை ஏறியது. இன்று விற்கும் ஐந்து காரில் ஒன்றுகூட டீசல் இல்லை. நமக்குத் திடீரென்று டீசல் வாசனை பிடிக்காமல் போய்விடவில்லை.

2024 ஜூனில் மின்காருக்கு மாறினேன். இந்தியத் தயாரிப்பு, 30 கிலோவாட்-ஹவர், அதாவது 30 யூனிட் பேட்டரி. கம்பெனி பெயர் வேண்டாம், சர்வீஸுக்கு அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. இதுவரை 26,000 கிலோமீட்டர்.

முதலில் கணக்கு. பழைய வண்டி லிட்டருக்கு 17 கொடுத்தது. முள்ளோடை விலையில் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். புது வண்டி யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு மாத ஈபி பில் 320 யூனிட்டிலிருந்து 720-க்குப் போனது, எண்ணூறு ரூபாய் நாலாயிரமானது. 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட் எப்படித் தாவும் என்று வீட்டில் ஏசி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பில்லைப் பார்த்து என் மனைவி கார் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளப் போனாள். உட்கார வைத்துக் கூட்டிக் காட்டினேன்: கூடுதல் 3,200 ரூபாய்க்கு 2,800 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய்கூட இல்லை.

ஓட்டுவதற்குச் சுகம். அரியாங்குப்பம் நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி வீங்கிய காலம் போயிற்று. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வண்டி வேகம் தணிந்து பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்டைத் திருப்பித் தருகிறது. சத்தம்தான் பிரச்சினை. பழைய வண்டி தெருமுனையில் திரும்பும்போதே நாய்கள் எழுந்து வழி விடும். இப்போது எழுவதே இல்லை. நான் இறங்கிப் போய் எழுப்ப வேண்டும்.

எதிர்வீட்டு ஐயா நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "உங்க வண்டிக்குப் புகையே இல்லன்னு நினைக்காதீங்க தம்பி, அது எங்க சிம்னியில வருது" என்பார். பழுப்பு நிலக்கரி. மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அடுத்து ரேஞ்ச், ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம். கம்பெனி தாளில் 300-க்கு மேல் போட்டிருந்தார்கள். எனக்கு ஏசியோடு 210. புதுச்சேரிக்குப் போய்வர இது தாராளம். சென்னை என்றால் வழியில் நிறுத்தியே ஆக வேண்டும். ஒருமுறை ஈசிஆரில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் இரண்டு கன் இருந்தன. ஒன்று செத்துக் கிடந்தது, இன்னொன்றில் வாடகைக் கார் நின்றது. அந்த டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். "ஒரு மணி நேரம் ஆகும் சார், நீங்களும் தூங்குங்க" என்றார். என் முறை வந்ததும் ஆப் திறந்து, முதலில் வாலட்டில் பணம் போடு என்றது. போட்டேன். சர்வர் இல்லை என்றது. அந்தப் பணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

போன ஜனவரியில் பெரியப்பா மகன் பிரான்ஸிலிருந்து வந்திருந்தார். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், குடும்பமே பாரிஸ் பக்கம். 2012-ல் அந்த நாட்டில் விற்ற புதுக் கார்களில் 100-க்கு 70-க்கு மேல் டீசல். 2024-ல் 10-க்கும் கீழே. அங்கேயும் டீசலுக்கு வரியைக் குறைத்து வைத்து வளர்த்தது அரசாங்கம்தான். 2015-ல் வோக்ஸ்வாகன் புகைச் சோதனை மோசடி வெளிவந்த பிறகு ஐரோப்பா முழுக்க டீசல் மதிப்பு சரிந்தது. பாரிஸில் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டி வகை பிரித்து, 2011-க்கு முந்திய டீசல் கார்களை உள்ளே விடுவதில்லை என்று 2025-ல் விதி கொண்டு வந்தார்கள்.

அண்ணன் ஓட்டுவது பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் பிளக்கில் சார்ஜ் போடும் பேட்டரியும் சேர்ந்த வண்டி. கம்பெனி கொடுத்தது. சார்ஜ் எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். "அந்த ஒயரப் பையிலேர்ந்து பிரிக்கவே இல்ல தம்பி. பெட்ரோல் கார்டு கம்பெனி குடுக்குது, நான் ஏன் வீட்டுக் கரண்ட்ட செலவழிக்கணும்?" ஐரோப்பிய ஆணையமே 2024-ல் கணக்கெடுத்துச் சொன்னது: இந்த வகைக் கார்கள் சாலையில் விடும் கரியமில வாயு, ஆய்வகக் கணக்கைப் போல் மூன்றரை மடங்கு. நெதர்லாந்தில் வரிச்சலுகை இருந்தவரை பிளக்-இன் பறந்தது, சலுகையை வெட்டியதும் படுத்துவிட்டது. நம் ஊரில் மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பிளக்-இன்னுக்கு அந்தச் சலுகை கிடையாது. எத்தனை பிளக்-இன் பார்த்திருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

ஜெர்மனியும் இதே கதை. 2023 டிசம்பரில் மானியத்தைச் சட்டென்று நிறுத்தினார்கள், அடுத்த வருஷம் மின்கார் விற்பனை 27 சதவீதம் விழுந்தது. நார்வேயில் பெட்ரோல் காருக்கு வரியைத் தீட்டிவிட்டு மின்காருக்கு விட்டுக்கொடுத்தார்கள். 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் 100-க்கு 89 மின்கார். சீனாவில் 2024 ஜூலையில் சில்லறை விற்பனையில் மின்காரும் பிளக்-இன்னும் சேர்ந்து பாதியைத் தாண்டின. இந்தியாவில் அந்த வருஷம் மின்கார் 100-க்கு இரண்டு மூன்று.

ஆனால் விற்பனை வேறு, சாலை வேறு. அதே நார்வேயில் 2024 செப்டம்பரில் மின்கார்கள் எண்ணிக்கையில் பெட்ரோல் கார்களை முந்தியபோதும், பழைய டீசல் கார்கள்தான் எல்லாவற்றையும்விட அதிகம், கிட்டத்தட்ட பத்து லட்சம். என் டீசல் வண்டியும் எங்கும் போய்விடவில்லை. பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் வாங்கினார், இன்னும் மூட்டை ஏற்றுகிறார்.

வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது பேட்டரியில் 64 சதவீதம் இருந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. இரண்டு நாள் கரண்ட் இல்லை. அதற்குள் தென்பெண்ணையில் வெள்ளம் என்றார்கள், வண்டியை மேட்டில் இருந்த கல்யாண மண்டப வாசலுக்கு ஏற்றினேன். அங்கே தெருவே வந்துவிட்டது, ஆளுக்கொரு போனோடு. வண்டிக்குள் இரண்டே யூஎஸ்பி. எதிர்வீட்டு ஐயா டோக்கன் போட்டார், ஒரு போனுக்கு அரை மணி. கரண்ட் வந்தபோது பேட்டரி 57. தானே புயலில் பதினைந்து நாள் இருட்டில் கிடந்த தெரு இது. அப்படி ஒன்று திரும்ப வந்தால் இந்த வண்டி ஓடாது. பஸ்தான்.

வீட்டில் பார்க்கிங்கும் 15 ஆம்பியர் பிளக்கும் இருந்து, தினசரி ஓட்டம் 150-க்குள் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். மாடிக் குடித்தனம் என்றால் வேண்டாம். வாரம் ஒருமுறை சென்னை போகிறவர்கள் பெரிய பேட்டரி பாருங்கள். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனதால் விலை வித்தியாசம் கூடியிருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

போன வாரம் டயருக்குக் காற்றடிக்க முள்ளோடை பங்க்கில் நுழைந்தேன். பையன் அடையாளம் தெரிந்து ஓடிவந்து, பழக்கத்தில் டேங்க் மூடி இருக்கும் பக்கம் போனான். அதைத் திறந்தால் பிளக். பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"காத்துக்கு மட்டும்தான் வந்தீங்களாண்ணே?"

பத்து ரூபாய் கொடுத்தேன். காற்று இலவசம்தான்.