கார்டிசெப்ஸ் கேப்சூல்: டப்பாவுக்குள் எவ்வளவு காளான், எவ்வளவு அரிசி மாவு?

ஜிம்முக்குப் போகிறவர்களையும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களையும் குறிவைத்து விற்கப்படும் காளான் மாத்திரைகளில் முன்னால் நிற்பது கார்டிசெப்ஸ். மூச்சு வாங்காது, அசதி தெரியாது என்பார்கள். வாங்கும் முன் டப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

500 மி.கி. கேப்சூல் 60 அடங்கிய டப்பா என்று வைத்துக்கொள்வோம். 'தினம் இரண்டு' என்று அச்சிட்டிருந்தால் நாளுக்கு 1 கிராம். விற்பவர்கள் ஆதாரமாகக் காட்டும் 2017ஆம் ஆண்டு ஆய்வில் கொடுத்ததோ நாளுக்கு 4 கிராம். அதாவது 8 கேப்சூல். டப்பா ஏழரை நாளில் காலி. அந்த ஆய்வில் கலந்துகொண்ட 28 பேருக்கு ஒரு வாரத்தில் விஓ2 மேக்ஸில் (கடும் பயிற்சியில் உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு) சொல்லும்படியான மாற்றமில்லை. மூன்று வாரம் தொடர்ந்த 10 பேரில் காளான் சாப்பிட்ட தரப்புக்குத்தான் கிலோவுக்கு நிமிடத்துக்கு 4.8 மி.லி. கூடியது. கொடுத்ததும் தனி கார்டிசெப்ஸ் இல்லை, பல காளான் சேர்ந்த கலவை. ஆக, அந்தப் பலனை எதிர்பார்ப்பவர் மூன்று வாரத்துக்கு 168 கேப்சூல், கிட்டத்தட்ட மூன்று டப்பா வாங்க வேண்டும். தினம் இரண்டு போட்டு ஒரு மாதத்தில் "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் அந்த அளவை எட்டவே இல்லை.

சிஎஸ்-4 என்ற நொதிக்க வைத்த வகைக்கு முடிவு வேறு மாதிரி. நன்றாகப் பயிற்சி பெற்ற 22 சைக்கிள் ஓட்டிகள் கலந்துகொண்ட ஆய்வில் ஐந்து வாரம் தினம் 3 கிராம் கொடுத்தும் பலனில்லை (2004). 50 முதல் 75 வயதுக்குள்ளான 20 பேர் கலந்துகொண்ட ஆய்வில் 333 மி.கி. வீதம் மூன்று வேளை, 12 வாரம் எடுத்த தரப்புக்கு, உடல் திணறத் தொடங்கும் எல்லை சுமார் 10 சதவீதம் தள்ளிப்போனது. விஓ2 மேக்ஸ் மாறவில்லை (2010). ஏற்கெனவே தினம் ஓடிப் பழகிய உடம்புக்கு இது பெரிதாக எதையும் சேர்க்காது என்பதே எங்கள் கணிப்பு. நடுவயதைத் தாண்டி நடையும் மெது ஓட்டமுமாகத் தொடங்குகிறவர் முயன்று பார்க்கலாம்.

டப்பாவின் மேல் புழு படம் போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். உத்தராகண்டில் கீடா ஜடி என்று சொல்லும், புழுவின் உடலில் முளைக்கும் இமயமலைப் புழுக்காளான் கிலோ லட்சக்கணக்கில் விலைபோவது. சாதாரண விலைக் கேப்சூலில் அது இருக்க வழியில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆய்வுக்கூட ஜாடிகளில் அரிசியின் மேல் வளர்க்கும் மிலிடாரிஸ் என்ற வேறொரு கார்டிசெப்ஸ் இனம். அதில் குறை ஒன்றுமில்லை. சொல்லப்போனால் காட்டுப் புழுக்காளானில் ஆர்செனிக் அளவு மீறியிருப்பதாக 2016இல் சீன அரசே எச்சரித்தது. 1993இல் உலகச் சாதனைகளை உடைத்த சீன ஓட்டக்காரிகளின் கதையையும் விளம்பரத்தில் சேர்ப்பார்கள். வெற்றிக்குப் புழுக்காளான்தான் காரணம் என்றார் பயிற்சியாளர் மா ஜுன்ரென். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் நடந்த ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு அவரிடம் பயின்ற ஆறு பேர் அணியிலிருந்து நீக்கப்பட்டதை விளம்பரம் சொல்லாது.

உண்மையான சிக்கல் அந்த அரிசியில்தான். முளைத்து வரும் ஆரஞ்சு நிறத் தண்டுகளை மட்டும் அறுத்து உலர்த்தினால் அது காளான். பூசண இழை படர்ந்த அரிசியையும் சேர்த்து அரைத்தால் பாதி மாவுச்சத்து. லேபிளில் 'பாலிசாக்கரைடு 40%' (சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேர்ந்த பொருள்) என்றிருந்தால் மகிழ வேண்டாம், அரிசி மாவும் பாலிசாக்கரைடுதான். காளானின் செல்சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் எத்தனை சதவீதம், கார்டிசெப்ஸுக்கே உரிய கார்டிசெபின் என்ற வேதிப்பொருள் எத்தனை என்று தனித்தனியாகப் போட்டு, அந்த பேட்ச் எண்ணுக்குரிய ஆய்வக அறிக்கையும் தருகிற கம்பெனியிடம் மட்டும் வாங்குங்கள். '10:1 எக்ஸ்ட்ராக்ட்' (பத்துப் பங்கை ஒரு பங்காகச் சுருக்கிய சாறு) என்ற எழுத்து மட்டும் எதையும் நிரூபிக்காது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உரிமத்தைத்தான் காட்டும், வீரியத்தை அல்ல.

வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. இரண்டு கேப்சூலைப் பிரித்துக் கால் டம்ளர் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்க வைத்து, முழுக்க ஆறவிடுங்கள்; சூட்டில் நிறம் பிடிக்காது. காயத்துக்குப் போடும் அயோடின் கரைசலில் நாலைந்து சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் உள்ளே மாவுச்சத்து. பழுப்பாகவே நின்றால் நல்ல அறிகுறி, ஆனால் முழுச் சான்றிதழ் இல்லை. மாவுச்சத்தை உடைத்துத் தயாரிக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் கலப்பு இதில் சிக்காமல் போகலாம். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கேப்சூலைவிட முழுசாக உலர்ந்த தண்டே எங்கள் தேர்வு. கண்ணால் பார்த்து வாங்கலாம். 2 கிராமை 300 மி.லி. தண்ணீரில் சிறு தீயில் 20 நிமிடம் வைத்தால் தண்ணீர் மஞ்சளாகும். குடித்துவிட்டுத் தண்டையும் மென்றுவிடுங்கள். கடலோர ஊர்களில் காற்றுப் புகாத ஜாடி அவசியம். நமத்துப் போனது பூஞ்சை பிடித்துவிடும்.

உடற்பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் 'காளான்' பவுடரில் காஃபின் இருக்கிறதா என்று பாருங்கள். குடித்த அரை மணியில் வரும் சுறுசுறுப்பு காஃபினுடையது. சோதிக்க நினைப்பவர் காபி அளவை மாற்றாமல், ஒரே பாதையில், ஒரே நேரத்தில் 3 கி.மீ. ஓடி நேரத்தைத் தொடங்கும் முன்னும் மூன்று வாரம் கழித்தும் குறித்துக்கொள்ளட்டும்.

அசதிக்கு என்று விற்கும் ரெய்ஷி என்ற இன்னொரு காளானிலும் கலப்படம் அதிகம். தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவரும் கானோடெர்மா பேரினத்தைச் சேர்ந்தது அது. அமெரிக்கச் சந்தையில் வாங்கிச் சோதித்த 19 மாதிரிகளில் 5 மட்டுமே லேபிளோடு ஒத்துப்போனதாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. காரணம் தெரியாத அசதிக்குக் காளானைத் தேடும் முன் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பாருங்கள். 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அதைக் காளான் தீர்க்காது.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. போட்டிகளில் ஓடுகிறவர்களுக்குக் கார்டிசெப்ஸ் தடைசெய்யப்பட்டதல்ல. ஆனால் கலப்படமாக வேறு எதாவது சேர்ந்திருந்தால் பொறுப்பு வீரர் தலையில்தான் விழும். ஊக்கமருந்துக்காகப் பேட்ச் வாரியாகச் சோதித்த முத்திரை இல்லாத டப்பாவை அவர்கள் திறக்க வேண்டாம்.