குழுவாக லோகோ வடிவமைக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஓவியர்களும் எழுத்தாளர்களும் புகைப்படக் கலைஞர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் படைப்புக் குழுவுக்கு ஒரு லோகோ தேவைப்பட்டபோது, உறுப்பினர்கள் அனைவரையும் ஒன்றாக உட்காரவைத்து அவர்களின் யோசனைகளிலிருந்தே வடிவத்தை உருவாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு வடிவமைப்பு நிறுவனத்திடம் பணியை ஒப்படைத்தோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது ஏமாற்றிய விதத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் எந்தக் குழுவுக்கும் இதே நிலை நேரலாம்.

முதல் கட்டம் எங்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. ஒவ்வொருவரும் பென்சிலால் வரைந்தோம், ஒருவர் படத்தை இன்னொருவர் திருத்தினோம், இறுதியில் ரேகைகள் நதியாக நீளும் ஒரு விரிந்த கையின் வரைவை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். அதைச் செப்பனிட்டுத் தருவதாக வாங்கிச் சென்ற நிறுவனம், பிறகு மூன்று மாதிரிகளை அனுப்பி வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. பெரும்பான்மை வாக்கு பெற்ற மாதிரியே எங்கள் லோகோ ஆனது. முழுத் தொகையையும் செலுத்தினோம்.

பெரிய பதாகை அச்சிட முயன்றபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. அச்சகத்தார் வெக்டர் கோப்பு, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாதபடி கோடுகளாகவே சேமித்த கோப்பு, கேட்டார்கள், நிறுவனம் அளித்த பிடிஎஃப் கோப்பை அனுப்பினோம், விளிம்புகள் சிதைந்து வந்தன. பிடிஎஃப் என்பதாலேயே ஒரு கோப்பு வெக்டர் ஆகிவிடாது. அதற்குள் புள்ளிகளால் ஆன ஒரு சாதாரண பிஎன்ஜி படத்தை வைத்து மூடிவிட முடியும். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திறந்து, கோட்டின் மீது சொடுக்கி, அதன் கணுக்கள் (கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) தனித்தனியாக அசைகின்றனவா என்று பார்த்தால் உண்மை நிமிடங்களில் தெரிந்துவிடும். எங்கள் கோப்பில் அசைக்க ஒரு கணுவும் இல்லை.

சந்தேகம் வலுத்து, படத்தை வைத்தே இணையத்தில் தேடியபோது, அதே கை, அதே விரல் வளைவுகளுடன், ஒரு படக்களஞ்சியத் தளத்தில் விற்பனைக்கு இருந்தது. எங்கள் வரைவிலிருந்து ரேகைகளை மட்டும் எடுத்து அதன் மேல் ஒட்டியிருந்தார்கள். அத்தகைய தளங்களில் பெரும்பாலானவை, தங்கள் படங்களை லோகோவாகவோ வணிகக்குறியாகவோ பயன்படுத்துவதைத் தங்கள் பொது உரிமத்தில் தடை செய்கின்றன. பணம் கொடுத்துப் பதிவிறக்கிய வேறு எவரும் அதே படத்தைப் பயன்படுத்தலாம் என்பதால், அது நமக்கே உரிய அடையாளமாக ஒருபோதும் நிற்காது. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கிறது என்ற புகார் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் சின்னமே சாட்சி: 2015 ஜூலையில் வெளியிடப்பட்ட அது, பெல்ஜியத்தின் லியேஜ் நாடக அரங்கின் லோகோவை ஒத்திருப்பதாக எழுந்த சர்ச்சையால் செப்டம்பரில் கைவிடப்பட்டது.

என்னை மிகவும் வருத்தியது நிறுவனம் அளித்த பதில். நீங்கள் எல்லோரும் கலந்துகொண்டீர்கள், நீங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தீர்கள், ஆகவே இது கூட்டுப் படைப்பு, பொறுப்பும் கூட்டுப் பொறுப்பு என்றார்கள். எங்கள் பங்கேற்பையே தங்கள் கேடயமாக்கிக்கொண்டார்கள். மூன்று மாதிரிகளும் எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்று சொல்லாமல் பெற்ற வாக்கை ஒப்புதலாகக் கொள்வது நேர்மையற்றது என்றே நான் கருதுகிறேன். அதோடு, திருத்தக்கூடிய மூலக்கோப்புக்குத் தனிக் கட்டணம் வேண்டும் என்றும், பதிப்புரிமை தங்களிடமே இருக்கிறது என்றும் எழுதினார்கள். ஒப்பந்தத்தில் "இறுதிக் கோப்புகள்" என்று மட்டுமே இருந்தது. எந்த வடிவக் கோப்பு என்ற விளக்கமோ, உரிமை மாற்றம் பற்றிய ஒரு வரியோ அதில் இல்லை. பல நாடுகளில், வெளியார் உருவாக்கிய படைப்பின் பதிப்புரிமை பணம் கொடுத்தவுடன் தானாகக் கைமாறுவதில்லை. எழுத்துப்பூர்வமான உரிமை மாற்றம் தேவைப்படுகிறது.

குழுவாகச் செய்யும் பணியில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது, ஏனெனில் உறுப்பினர்கள் வரைந்த கோடுகளின் உரிமையும் கேள்விக்குள்ளாகிறது. ஆகவே முதல் வரைவு தொடங்கும் முன்பே, உறுப்பினர்களின் பங்களிப்பு குழுவுக்கு உரியது என்று உங்களுக்குள் எழுதிக் கையெழுத்திடுங்கள். நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் எஸ்விஜி என்ற வெக்டர் வடிவம் உள்ளிட்ட மூலக்கோப்புகள், முழுப் பதிப்புரிமை மாற்றம், எழுத்துருக்களின் உரிம விவரம், களஞ்சியப் படம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசித் தவணையைக் கோப்பைத் திறந்து சோதித்த பிறகே செலுத்துங்கள். வாக்கெடுப்புக்கு வரும் ஒவ்வொரு மாதிரியையும் படத்தேடலில் போட்டுப் பாருங்கள்.

அந்த லோகோவை எல்லா இடங்களிலிருந்தும் நீக்கிவிட்டோம். தேதியிட்ட பென்சில் வரைவுகளும் மின்னஞ்சல்களும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வைத்துப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.