பழைய ஸ்க்ரூ மெஷினா, வரப்போகிற தானியங்கி மெஷினா? ஏற்காடு ஏறி இறங்குகிறவர் கணக்கு

காபித் தோட்டத்தில் நிழல் மரங்களின் கிளை கழிக்கிற நிழல் வெட்டு ஆரம்பிக்கும் முன்பே, மரம் அறுக்கும் செயின்சா மெஷின் பற்றிய ஒரு பேச்சு மலை முழுக்கச் சுற்றிவிட்டது: கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கையால் ஸ்க்ரூ திருப்பி வைக்கிற பழைய மாடல் நிற்கப்போகிறது, அதைத் தானே சரிசெய்துகொள்ளும் மாடல் வரப்போகிறது என்று. நாகலூரில் டீக்கடையில் கேட்டேன், மஞ்சக்குட்டையில் மரம் ஏறுகிற ஒருவர் சொன்னார், கடைசியில் செயின் வாங்க சேலம் இறங்கினால் கடையிலும் அதே கதை. “அண்ணா, நீங்க வெச்சிருக்கிற மாடல் இனி வராதுங்க, கம்பெனி நிறுத்துது. புதுசுல ஸ்க்ரூவே இருக்காது, எல்லாம் உள்ள கம்ப்யூட்டர்தான். ரெண்டு பீஸ் மிச்சம் இருக்கு, ஒண்ண இப்பவே எடுத்துக்கங்க.” அந்த ரெண்டு பீஸின் விலை போன வருடத்தை விட ஏறியிருந்தது.

எனக்குக் கொஞ்சம் காபித் தோட்டம், அதோடு மரம் அறுக்கும் வேலை. மழைக்கு முன்னால் மேலே சில்வர் ஓக் கிளை கழிப்பது, முற்றின மரத்தைச் சாய்ப்பது. மீதி மாதங்களில் கீழே ஓமலூர், அயோத்தியாப்பட்டணம் பக்கம் புளி, வேம்பு, காய்ப்பு நின்ற தென்னை. அதனால் இந்த வதந்தி எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, ஒரு மெஷின் என்பது பல மாத வருமானம். பழையதை அவசரமாக வாங்குவதா, புதியதுக்குக் காத்திருப்பதா என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பேச்சு வெறும் காற்றில் பிறப்பது இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் வருடாவருடம் புகைச் சான்று வாங்க வேண்டும், அந்தப் பட்டியல் எல்லோரும் பார்க்கிறபடி வெளியாகும், புதுப் பெயர் அதில் தெரிந்தாலே மெஷின் பைத்தியங்கள் பிடித்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் 2019-ல் இருந்து புகை விதி இன்னும் இறுகியது. அந்த விதியைத் தாண்ட முடியாத பழைய இன்ஜின் அந்த ஊர்களில் நின்றுதான் ஆகும். ஆனால் அங்கே நிற்பதும் இங்கே சேலத்தில் நிற்பதும் ஒன்றல்ல, அந்த இடத்தில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

இதுவரை நடந்த மாற்றங்களைப் பார்த்தால் விஷயம் தெளியும். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 250-க்கு 45.4 சிசி, 2.3 கிலோவாட், செயினும் அது ஓடுகிற நீளத் தகடான பாரும் இல்லாமல் 4.6 கிலோ. அதன் இடத்துக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட எம்எஸ் 251-க்கு 45.6 சிசி, 2.2 கிலோவாட், 4.9 கிலோ. புதியது 300 கிராம் கூடுதல் கனம், சக்தி ஒரு துளி குறைவு. இதைப் பார்த்துவிட்டு ‘ஏமாற்று வேலை’ என்று சொன்னவர்கள் நிறைய. ஆனால் அந்தக் கனத்துக்குக் காரணம் உண்டு. பழைய டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே நுழைகிற நேரத்தில் எக்ஸாஸ்ட் வழியும் திறந்தே இருக்கும், எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும், நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான் அது. புது வகையில் முதலில் வெறும் காற்று நுழைந்து புகையைத் தள்ளுகிறது, கலவை அதன் பின்னால் வருகிறது, வெளியே தப்பிப்பது பெரும்பாலும் அந்தக் காற்றுதான். 20 சதம் வரை பெட்ரோல் மிச்சம் என்பது கம்பெனி கணக்கு. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று: 251 வந்து பல வருடம் ஆன பிறகும் 250 பல நாடுகளில் பக்கத்திலேயே விற்றுக்கொண்டிருந்தது. புதியது வந்த மறுநாளே பழையதைத் தூக்கிவிடவில்லை.

இன்னொரு கம்பெனியான ஹஸ்க்வர்னாவின் 372 எக்ஸ்பி கதையும் அப்படித்தான். 70 சிசி வகையில் அதன் மேல் சத்தியம் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 90-களில் வந்த மெஷின், 3.9 கிலோவாட், 6.1 கிலோ. நடுவில் புகை குறைத்த இன்னொரு 372 வந்தது, அதற்கும் பிறகு 2018-ல்தான் 572. அதற்கு 4.3 கிலோவாட், 6.6 கிலோ, கார்புரேட்டரைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி. சக்தி கூடியது உண்மை, தடி அறுக்கும்போது அது தெரியும். அரைக் கிலோ கூடியதும் உண்மை, காபிச் செடிகளுக்கு நடுவே சரிவில் கால் ஊன்றி நாள் முழுக்கத் தூக்குகிறவன் தோளில் அதுவும் தெரியும்.

இன்னொன்று, புது மாடலின் முதல் வருட மெஷினை நான் வாங்கமாட்டேன். ஹஸ்க்வர்னாவில் 346 எக்ஸ்பிக்கு அடுத்து வந்த 550 எக்ஸ்பியில் ஆரம்பத்தில், சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று புகார்கள் வந்தன. 2018-ல் அதே பெயரில் இரண்டாம் வடிவம் வந்தது, அது கிட்டத்தட்ட புது மெஷின். ஸ்டில்லில் 361 என்பது 59 சிசி, 5.6 கிலோ. அடுத்து வந்த 362 முதல் வடிவத்தில் 5.9 கிலோ, பிறகு திருத்திய வடிவத்தில்தான் மறுபடி 5.6-க்கு இறங்கியது. கார்புரேட்டரே இல்லாமல் ஊசி வழியாகப் பெட்ரோல் தெளிக்கிற எம்எஸ் 500ஐ-யை 2016-ல் காட்டினார்கள், கடைக்கு வந்தது 2019-ல். காட்டுவதற்கும் கைக்கு வருவதற்கும் மூன்று வருடம். ஆகவே ‘அடுத்த மாதம் வருது’ என்று யாராவது சொன்னால் நான் அவசரப்படுவதில்லை.

சரி, இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. நம் மலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

சேலம் டவுன் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேர வண்டிப் பயணம், அதற்குள் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிடுகிறது. கீழே டியூன் செய்த ஸ்க்ரூ மெஷினை மேலே கொண்டுபோனால் காற்று குறைந்து பெட்ரோல் கூடிப்போகும். புகையும், பிளக் கறுக்கும், இழுவை இருக்காது. எரிச்சல்தான், ஆனால் மெஷின் சாகாது. திருப்பிச் செய்தால்தான் ஆபத்து. மேலே மெல்லிய காற்றுக்குப் பெட்ரோலைக் குறைத்து வைத்த மெஷினை அப்படியே கீழே இறக்கினால் காற்று அதிகம், பெட்ரோல் பற்றாது, அந்தப் பெட்ரோலில்தானே ஆயிலும் கலந்திருக்கிறது. வழுவழுப்பு குறையும், சூடு ஏறும், சத்தம் மட்டும் கூர்மையாக, கேட்க நன்றாக இருக்கும். பலர் அந்தச் சத்தத்தைக் கேட்டு ‘செமயா ஓடுது’ என்று நினைத்துவிடுகிறார்கள்.

என் 50 சிசி மெஷின் இப்படித்தான் போனது. நாகலூரில் இரண்டு வாரம் நன்றாக ஓடியதை அப்படியே எடுத்துக்கொண்டு அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு புளியமரத்துக்குப் போனேன். மூன்றாவது டேங்கில் நின்றது, கயிறு இழுத்தால் கல் மாதிரி இருந்தது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் கோடு கோடாக உரசல். ஆயில் கம்மியாகக் கலந்திருப்பீர்கள் என்றார் மெக்கானிக். லிட்டருக்கு 20 மில்லி, அளந்துதான் ஊற்றியிருந்தேன். தப்பு ஆயிலில் இல்லை, முழு வேகத்தில் பெட்ரோல் அளவை வைக்கிற எச் ஸ்க்ரூவில். கீழே இறங்கியதும் அதை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டியிருக்க வேண்டும். வெட்டாமல் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் லேசாகக் கரகரக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும், அதுதான் சரியான அளவு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பிஸ்டன், சிலிண்டர் செட் செலவானது.

இந்த ஒரு விஷயத்தில் தானியங்கி மெஷினுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குவேன். ஸ்டில்லில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவில் ஆட்டோடியூன் என்று பெயர். பெயர்தான் வேறு, காரியம் ஒன்று: கார்புரேட்டரில் ஒரு சின்ன மின்காந்த வால்வு, இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று பார்த்துப் பெட்ரோலைத் தானே கூட்டும், குறைக்கும். கோரிமேட்டில் ஓட்டினாலும் சரி, மேலே வெள்ளக்கடையில் ஓட்டினாலும் சரி, கொஞ்ச நேர வெட்டிலேயே அந்த இடத்துக் காற்றுக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ளும். ஏர் பில்டர் தூசி அடைத்தால்கூட ஓரளவு சமாளிக்கும்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஸ்க்ரூ அளவில் கலவை இன்னும் மெலிந்துபோகும், அதாவது மலை செய்வதற்கு நேர் எதிர். மேலே ஓட்டும்போது இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும், கீழே இறங்கினால் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டு பிஸ்டனை வறுக்கும். ஸ்டில் கையேட்டிலேயே, கையால் திருப்பும் கார்புரேட்டருக்கு 10 சதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்றும், எம்-ட்ரானிக் 25 சதம் வரை முழு சக்தி தரும் என்றும் போட்டிருக்கிறார்கள். கையேட்டை யாரும் படிப்பதில்லை, அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நம் மலை மூடுபனியில் பாதி டேங்க் பெட்ரோலோடு மூலையில் போட்ட மெஷின், அடுத்த சீசனுக்குக் கார்புரேட்டர் டயாபிராம் விறைத்துப்போய்த்தான் எழும். எந்த மெஷினாக இருந்தாலும் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, நிற்கும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள்.

இப்போது பழையதின் பக்கம் பேசுகிறேன், அதற்கும் பலமான நியாயம் இருக்கிறது. ஸ்க்ரூ மெஷின் தோட்டத்து நடுவில் நின்றுபோனால் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிளக் ஸ்பேனர், பத்து நிமிடம் போதும். டயாபிராம் செட் என் டப்பாவிலேயே கிடக்கிறது. பிஸ்டன், கிளட்ச், ஸ்ப்ராக்கெட் எல்லாம் ஒரிஜினலிலும் உண்டு, டூப்ளிகேட்டிலும் உண்டு. அவ்வளவு மெஷின் ஊரில் ஓடுவதால் மாடல் நின்றாலும் பாகம் நிற்காது. தானியங்கியில் அந்த வால்வோ அதன் பெட்டியோ போனால் கம்பெனி ஆள் கேபிள் சொருகிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதுவரை மரம் பாதி அறுத்தபடி நிற்கும், கூலி ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மெஷின் ஜூன் மழைக்கு முன்னால் நின்றால் அந்த சீசன் கிளை கழிப்பே போயிற்று.

பாட்டரி மெஷினையும் சிலர் கேட்கிறார்கள். அதற்குக் காற்றும் வேண்டாம் பெட்ரோலும் வேண்டாம், மலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரி ஓடும், மிளகுக் கொடி ஏறிய மரத்தில் சின்னக் கிளை கழிக்க அருமை. ஆனால் நாள் முழுக்கத் தடி அறுக்க மாற்றி மாற்றிப் போட இரண்டு மூன்று பாட்டரி வேண்டும், அந்த விலையில் எனக்கு இப்போதைக்குக் கட்டாது. ஆன்லைனில் 58 சிசி என்று மலிவாக வருகிறதே, அது வீட்டு விறகுக்குச் சரி, கூலி வேலைக்கு நான் சொல்லமாட்டேன்.

ஆக, மெஷின் மலையிலேயே இருக்கும், தோட்டத்தை விட்டு இறங்காது என்றால் பழைய ஸ்க்ரூ மாடலே போதும், புதியதுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதே சமயம் ‘கடைசி பீஸ்’ என்று ஏற்றிய விலைக்கும் வாங்க வேண்டாம், பழைய விலைக்குத் தந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் இன்னொரு கடை. என்னை மாதிரி ஏறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்குத் தானியங்கிதான் பணத்தைக் காப்பாற்றும். ஆனால் அது சேலத்தில் விற்க ஆரம்பித்து ஒரு வருடம் ஓடட்டும். வாங்கும் முன், கேபிள் வைத்துப் பார்க்கிற ஆள் சேலத்திலேயே இருக்கிறாரா, அந்த வால்வு ஸ்டாக்கில் இருக்கிறதா என்று கேட்டு, அதை எடுத்துக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். கோயம்புத்தூரில் இருந்து வரவழைத்துத் தருகிறோம் என்றால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

நான் செய்தது இதுதான். வேறொரு கடையில் போன வருட விலைக்கே ஒரு 45 சிசி ஸ்க்ரூ மெஷின் கிடைத்தது, அது மேலேயே இருக்கும். புது பிஸ்டன் போட்ட 50 சிசி கீழ் வேலைக்கு இன்னும் ஒரு வருடம் ஓடும். எப்போதாவது அதை மேலே கொண்டுபோக வேண்டி வரும் என்பதால் எச் ஸ்க்ரூ பக்கத்தில் பெயிண்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன், வெள்ளை சேலத்துக்கு, சிவப்பு ஏற்காட்டுக்கு. இறங்கும்போது அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி, ஸ்க்ரூவை வெள்ளைக்குத் திருப்பிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.