வாசலில் கட்டணமா, வரிசையில் காலமா: ஐந்து நாடுகளின் வைத்திய முறைகளை வைத்து ஓர் ஒப்பீடு

நீரிழிவு கிளினிக் நாளில் என் தாயார் காலை 6 மணிக்கு முன்பே போய் எண் எடுத்துக்கொண்டு அமர்ந்துவிடுவார். கையில் ஓரம் மடங்கிய கிளினிக் கொப்பியும், முதல் நாள் தனியார் ஆய்வுகூடத்தில் பணம் கட்டிச் செய்வித்த இரத்தப் பரிசோதனை அறிக்கையும் இருக்கும். வைத்தியர் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் சென்ற முறை எழுதிக் கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று கையிருப்பில் இல்லை என்று சொல்லி, வெளியே வாங்குவதற்குத் துண்டு தந்தார்கள். அதே வைத்தியரை மாலையில் நகரில் சனலிங் செய்தும், அதாவது தனியார் இடத்தில் பணம் கட்டி முன்பதிவு செய்தும், பார்த்திருக்கலாம். நேரம் மிஞ்சியிருக்கும், பணம் போயிருக்கும். அரச வைத்தியமா தனியார் வைத்தியமா என்று இரண்டு கட்சிகளாகப் பிரித்து வாதிடுபவர்கள், நம் ஊரில் இரண்டும் ஒரே நாளில், ஒரே நோயாளியிடம், சில வேளைகளில் ஒரே வைத்தியரின் கையால் நடப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் அறவிடப்பட்ட கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. 1977இலிருந்து அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாகப் பார்ப்பதற்கு அனுமதி கிடைத்தது. இவ்விரண்டு தீர்மானங்களும் சேர்ந்தே இன்றைய நிலையை உருவாக்கின. வாட்டில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அரச வைத்தியசாலைகளிலேயே இருக்கிறார்கள். ஆயினும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறக்குறைய பாதி, மக்கள் தம் பையிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் பணமாகும். பிரசவம், விபத்து, சத்திர சிகிச்சை போன்ற பெரிய சுமையை அரசு தாங்குகிறது. சனலிங், பரிசோதனை, மருந்து என்று சிறுகச் சிறுகச் சேரும் சுமை குடும்பத்தின் தலையில் விழுகிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரச மருந்துக் களஞ்சியங்கள் வற்றியபோது இந்தச் சிறு சுமையே பெரிதாகிவிட்டதை மூதூரிலும் கிண்ணியாவிலும் மருந்துத் துண்டோடு பார்மசி பார்மசியாக அலைந்தவர்கள் அறிவார்கள்.

லண்டனில் இருக்கும் என் தம்பி, பிரித்தானியாவில் கையிலிருந்து கொடுக்க வேண்டியது மிகக் குறைவு என்கிறார், அது உண்மைதான். 1948 யூலை 5ஆம் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவை வரிப்பணத்தில் நடக்கிறது. இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ஸ் கட்ட வேண்டும், சிறுவருக்கும் 60 வயதைக் கடந்தோருக்கும் அதுவும் இல்லை; ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் எவருக்கும் இல்லை. ஆனால் நிபுணரைப் பார்க்க வேண்டுமாயின் முதலில் பதிவு செய்த குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும், அவர் எழுதினால் தான் மேலே போகலாம். நம்மவர் இருமலுக்கும் நேரே நெஞ்சு நோய் நிபுணரைத் தேடுவதை நினைத்தால், அந்தக் காவல் நமக்கு இல்லாதது பெருங்குறை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதன் மறுபக்கம் காத்திருப்பு: அண்மைய ஆண்டுகளில் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 70 இலட்சத்தைத் தாண்டியது. அதைப் பொறுக்க முடியாதவர்கள் தனியாரிடம் போகிறார்கள், அங்கேயும் பல வேளைகளில் அதே நிபுணர் தான் அமர்ந்திருக்கிறார். இங்கிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2024 முதல் மாணவர் விசாவுக்கு ஆண்டொன்றுக்கு 776 பவுண்ஸ் சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும்.

கனடாவின் ஏற்பாடு வேறு. வைத்தியர்கள் பெரும்பாலும் தனியார், அவர்களுக்குப் பணம் கட்டுவது மாகாண அரசு. 1984ஆம் ஆண்டுச் சட்டம் காப்புறுதிக்குள் வரும் சேவைக்கு நோயாளியிடம் மேலதிகப் பணம் கேட்பதைத் தடுக்கிறது. ஆனால் வைத்தியசாலைக்கு வெளியே வாங்கும் மருந்து பெரும்பாலோருக்கு இந்த வலையில் அடங்காது, தொழில் தருநரின் காப்புறுதியே கைகொடுக்க வேண்டும். ரொறன்ரோ உறவினர் வேலை மாறும்போது முதலில் இதைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் இதுதான்.

ஜேர்மனி 1883இலேயே, பிஸ்மார்க் அரசுத் தலைவராக இருந்த காலத்தில், நோய்க் காப்புறுதியைத் தொடங்கியது. அடிப்படைச் சந்தா சம்பளத்தில் 14.6 சதவீதம், அதைத் தொழிலாளியும் முதலாளியும் பாதி பாதியாகச் செலுத்துகிறார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு காப்புறுதி நிதியமும் ஒரு மேலதிக வீதம் சேர்க்கும். வைத்தியசாலையில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாட்களுக்கு மட்டும். கட்டணம் இருக்கிறது, ஆனால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே தெரிகிறது. மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் தனியார் காப்புறுதியில் இருக்கிறார், அவர்களுக்குத் தவணை விரைவில் கிடைக்கிறது என்ற மனக்குறை அங்கேயும் உண்டு.

அமெரிக்காவை நீட்டி எழுதத் தேவையில்லை. 1965இல் முதியோருக்கும் வறியோருக்கும் அரச காப்புறுதி வந்தும், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வேலையோடு தான் காப்புறுதி. தேசிய வருமானத்தில் ஏறக்குறைய 17 சதவீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிடும் அந்த நாட்டின் சராசரி ஆயுள் நம்முடையதை விடப் பெரிதும் நீண்டதல்ல.

ஆகவே நான் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், பிரித்தானியாவின் குடும்ப வைத்தியரையும் ஜேர்மனியின் எல்லை கட்டிய கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு, நம்முடைய, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸையும் வீட்டுக்கு வந்து கர்ப்பிணியைப் பார்க்கும் குடும்பநல மாதுவையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தனியார் வைத்தியசாலையை மூடச் சொல்வதும் என் நோக்கமல்ல. ஆனால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு துண்டும் அரசு செய்யத் தவறிய வேலையின் பற்றுச்சீட்டு என்பதை யாராவது கணக்கெழுத வேண்டும்.

தாயாருக்கு வரும் மாதம் கண்புரைச் சத்திர சிகிச்சை. தனியாரிடம் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அரச வைத்தியசாலையில் தவணை கிடைக்க ஐந்து மாதங்கள் எடுத்தது, அங்கேயே செய்விக்கிறோம்.