விதைநெல் திருடியவரை என்ன செய்வது: சிறையா, தெண்டமா?

கொள்ளிடக் கரை உடைந்து டெல்டா மூழ்கியபின் எஞ்சிய சிலர் உயிர்பிழைக்கும் கதையொன்றை, கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இருக்கும் எங்கள் சிறு குழு இரவுகளில் மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் ரோல்பிளேயாக, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து, ஆடிவருகிறது. அதில் விதைநெல்லைத் திருடிய கதாபாத்திரத்துக்கு என்ன தண்டனை என்று கேள்வி எழுந்தபோது, ஒவ்வொரு வழியாகச் சோதித்துப் பார்த்தோம். தண்டனை கதாபாத்திரத்தின் மேல் விழுகிறதா, அதை இயக்கும் ஆளின் ஓய்வு நேரத்தின் மேல் விழுகிறதா என்பதே என் அளவுகோல்.

சர்வரை நிர்வகிக்கும் அட்மினின் கட்டளையால் அடைப்பது எளிது. எசென்ஷியல்ஸ்எக்ஸ் என்ற பிளகினில் (சர்வரில் சேர்க்கும் துணை நிரல்) ஆளின் பெயரையும் சிறையின் பெயரையும் கால அளவையும் கொடுத்தால் போதும். காவலுக்கு ஆள் வேண்டாம். ஆனால் அந்தக் காலத்தைக் கடிகாரப்படி எண்ணுவதா, கைதி ஆன்லைனில் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுவதா என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். கடிகாரப்படி என்றால் தூங்கி எழுந்தால் தண்டனை தீர்ந்துவிடும். ஆன்லைன் நேரம்தான் நியாயம் என்று அதையே வைத்தோம். இரண்டு மணி நேரத் தண்டனை பெற்ற தம்பி இருபது நிமிடம் சுவரைப் பார்த்துவிட்டு வெளியேறினார், ஒரு வாரம் எட்டிப்பார்க்கவில்லை.

ஆடுகிறவர்களே காவல் காக்கும் சிறை இதைவிட உயிரோட்டமானது. டே-இசட் என்ற உயிர்பிழைப்பு ஆட்டத்தில் கயிற்றால் கட்டப்பட்டவர் முண்டி விடுபடலாம், அவருக்குப் பசியும் உண்டு. ஆகவே பிடித்தவருக்கும் வேலை இருக்கிறது. மைன்கிராஃப்டுக்கான பிரிசன்பேர்ல் பிளகினின் யோசனை இன்னும் நுட்பமானது: எண்டர் பேர்ல் என்ற ஆட்டத்து முத்தை வைத்திருப்பவரின் கையால் மாண்டவர் அந்த முத்தில் கட்டுண்டு, ‘எண்ட்’ என்ற தனி உலகில் சிறைப்படுவார்; முத்து கைநழுவினால் கைதியும் விடுதலையாவார். சிறையின் பாரத்தை அது சிறைவைப்பவரின் தலையிலும் ஏற்றுகிறது. எங்களிடம் இந்த முறை தோற்றதற்குக் காரணம் ஊர்ப்பக்கத்து நடைமுறைதான். அரிசி ஆலைக் கிடங்கில் காவல் நின்ற அண்ணன், மும்முனை மின்சாரம் வந்துவிட்டதென்று மோட்டார் போடக் கொல்லைக்குப் போனார். மைக்கை அணைக்க மறந்ததால், பம்புசெட் இரைச்சலைக் கேட்டபடியே கைதி பலகையை உடைத்துக்கொண்டு நடந்துபோனார். தப்பியது செல்லுமா என்று வாதாடியே அன்றைய இரவு கழிந்தது.

பிறகுதான் தெண்டத்துக்கு வந்தோம். கைப்பிழையால் ஓர் உயிர் போனதற்கு ஈடாகக் கோயிலில் நந்தா விளக்கு வைக்கச் சொன்ன தீர்ப்புகள் சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் உண்டு. விளக்கின் நெய்க்காக விடும் 90 அல்லது 96 ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். செத்ததற்குப் பிறந்தது ஈடாகி எண்ணிக்கை குறையாது. அதே போக்கில், திருடியவர் ஏழு இரவு, இரவுக்கு 64 கோதுமை பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்றோம் (ஆட்டத்தில் நெல் இல்லாததால் எங்களுக்குக் கோதுமையே நெல்). இழந்தவர்களுக்குப் பொருள் திரும்பியது. திருடியவரும் தினமும் பறிகொடுத்தவர்களின் முகத்தில் விழித்தார், கதையும் நகர்ந்தது. கூட்டாளி ஒருவர் தன் மூட்டையைக் கொடுத்து உதவினால் தெண்டம் கேலிக்கூத்தாகிவிடும் என்பது குறைதான். மீண்டும் மீண்டும் கொல்கிறவரிடமும் இது செல்லாது.

ஊர்விலக்கு பெரிய சர்வர்களில் பொருந்தலாம். ஏழெட்டுப் பேர் ஆடும் இடத்தில் அது கூரையில்லாத சிறைதான். அந்தச் சொல்லுக்கு நிஜக் கிராமங்களில் உள்ள கசப்பும் எனக்கு இதில் ஒப்பவில்லை. கதாபாத்திரத்தை நிரந்தரமாகக் கொல்வதென்றால், மனுநீதிச் சோழன் கதை பிறந்த திருவாரூர்ப் பக்கத்துக்காரர்களாக இருந்தும், ஆடுகிறவரின் சம்மதமில்லாமல் செய்வதில்லை. ரஸ்ட் என்ற உயிர்பிழைப்பு ஆட்டம் போல மாதத்தின் முதல் வியாழனன்று உலகமே அழிக்கப்படும் ஆட்டத்தில் நீண்ட தண்டனைக்கே பொருளில்லை. சீட்டிங், வசைமொழி போன்றவை கதைக்கு வெளியிலான குற்றங்கள். அவற்றுக்குக் கதைக்குள் தண்டனை தேடாமல் நேரே தடைதான்.

ஆகவே எங்கள் விதி இப்போது இதுதான்: விசாரணை முடியும்வரை அதிகபட்சம் பதினைந்து நிமிடக் காவல், அதன்பின் தெண்டம். இடையில் ஒரு திருத்தம் மட்டும் தேவைப்பட்டது. மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கியதும் திருடியவரை இயக்குபவர் வயலுக்குப் போய்விட, இரண்டு இரவு பாக்கி நின்றது. அதிலிருந்து இரவுகளை எண்ணாமல், களஞ்சியத்தில் சேரும் கோதுமையை மட்டுமே எண்ணுகிறோம்.