ஆறு பேட்மேன்கள்: பல வருடம் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு

ஒரு பேட்மேன் படத்தைத் தியேட்டரில் பார்ப்பதும், அதே படத்தைப் பல வருடங்கள் டிஸ்க்கிலும் டிவியிலும் ஓடிடியிலும் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் ஒன்றல்ல. முதல் தடவை வில்லன், சண்டை, கார், இசை என்று எல்லாம் சேர்ந்து நம்மை அடித்துக்கொண்டு போய்விடும். அடுத்தடுத்த தடவைகளில் அதெல்லாம் மனப்பாடம். அப்புறம் கண் போவது நடிகர்மேல்தான். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குள் தேறிய அபிப்பிராயங்கள் இவை. யார் பெஸ்ட் என்ற பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு சொல்ல வரவில்லை. நீண்ட நாள் பார்த்தும் யார் சலிக்கவில்லை என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். முகமூடி போட்ட பிறகு நடிகருக்கு மிஞ்சுவது கண்கள், வாய், தாடை, குரல். அவ்வளவுதான். நெற்றியைச் சுருக்க முடியாது, கன்னம் தெரியாது. அதனால் முகமூடிக் காட்சிகளில் ஆறு பேருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. உடையும் வெளிச்சமும் பாதி வேலையைச் செய்துவிடும். நடிகர் பிடிபடுவது, முகமூடிக்குப் பின்னால் இருக்கும் நிஜ ஆளான பணக்காரர் ப்ரூஸ் வேய்னாகக் கோட்டும் சூட்டும் போட்டு நிற்கும்போதுதான். எனக்குத் திரும்பப் பார்க்கும் ஆசையைத் தூண்டுவதும் அந்தக் காட்சிகள்தான்.

1966 படத்தின் ஆடம் வெஸ்ட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வெடிக்கப்போகும் குண்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, அதை எறிய இடம் கிடைக்காமல் துறைமுகம் முழுக்க அவர் ஓடும் காட்சி இன்றைக்கும் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறது. அவர் வேலையை அவர் சுத்தமாகச் செய்தார். ஆனால் அது வேறு ஆட்டம்.

1989-ல் வந்த படத்துக்கு இயக்குநர் டிம் பர்ட்டன் மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தபோது ரசிகர்கள் கொதித்துப்போய் ஸ்டுடியோவுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். காமெடி நடிகர், உயரமும் இல்லை, அந்தக் கதாநாயகத் தாடையும் இல்லை என்பது புகார். இன்று பார்த்தால் கீட்டனின் பலமே அந்தக் காமெடிப் பின்னணிதான். அவருடைய ப்ரூஸ் எந்த நேரமும் வேறெதையோ யோசித்துக்கொண்டிருக்கிற ஆள். நீண்ட மேசையின் இரு முனைகளில் அவரும் பத்திரிகைப் புகைப்படக்காரி விக்கி வேலும் உட்கார்ந்து சாப்பிடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அறை உங்களுக்குப் பிடிக்குமா என்று அவள் கேட்கிறாள். ஆமாம் என்கிறார். ஒரு கணம் விட்டு, உண்மையைச் சொன்னால் இந்த அறைக்குள் நான் இதுவரை வந்ததே இல்லை என்று நினைக்கிறேன் என்கிறார். ஜோக் மாதிரிதான் சொல்கிறார், ஆனால் அந்த மாளிகையில் அவர் வாழவே இல்லை என்பது அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. தனிமையைப் பற்றி வசனம் பேசி அழ வைக்கிற வேலையே இல்லை.

விக்கியின் வீட்டில் தான் யாரென்று அவளிடம் சொல்ல வாயெடுத்துத் திணறுகிற காட்சி இன்னொன்று. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் வார்த்தைகளை மென்று விழுங்குகிறார். அதற்குள் ஜோக்கர் வந்துவிடுகிறான். திடீரென்று இந்த அமைதியான மனிதர் கையில் கிடைத்த கம்பியை எடுத்து ஒரு ஜாடியை உடைத்து, பைத்தியம் பிடிக்கணுமா, பிடிக்கலாம் வா என்கிற ரீதியில் கத்துகிறார். இந்த ஆள் ராத்திரியில் வௌவால் வேஷம் போட்டுக்கொண்டு கூரை கூரையாகத் தாவுவான் என்பதை நான் முழுசாக நம்புவது அங்கேதான். (2023-ல் வயதான பேட்மேனாகத் திரும்பி வந்தபோது இதே வசனத்தை மறுபடியும் பேச வைத்தார்கள். கைதட்டலுக்காக வைத்த வசனம் கைதட்டல் அளவில்தான் நிற்கிறது.)

உடையைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த ரப்பர் உடையில் கழுத்தைத் திருப்ப முடியாது. ஒருவரைப் பார்க்கவேண்டுமென்றால் இடுப்பிலிருந்து முழு உடம்பையும் திருப்பவேண்டும். கீட்டன் அந்தக் குறையையே நடையாக மாற்றிக்கொண்டார். அசையாமல் நிற்கிறார், திரும்பினால் மொத்தமாகத் திரும்புகிறார், மிச்சத்தைக் கண்கள் பார்த்துக்கொள்கின்றன. தன் வசனங்களையும் அவரே குறைக்கச் சொன்னாராம். அடைபட்ட இடத்தைக் கண்டால் தனக்கு பயம், உடைக்குள் வந்த அந்த இறுக்கம் நடிப்புக்கு உதவியது என்றும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தில் அது தெரிகிறது.

1992-ல் வந்த அடுத்த படத்தில், முகமூடி விருந்துக்கு எல்லாரும் வேஷம் கட்டி வர, ப்ரூஸும், ராத்திரியில் கேட்வுமனாகத் திரியும் செலினாவும் மட்டும் வெறும் முகத்தோடு வருகிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே, முன்பு கூரைமேல் பேட்மேனும் கேட்வுமனும் பேசிக்கொண்ட வரிகள் வாய் தவறி வந்து விழுகின்றன. இருவருக்கும் ஒரே நேரத்தில் உண்மை உறைக்கிறது. கீட்டன் அங்கே ஒன்றுமே செய்வதில்லை, முகம் மட்டும் மெல்லச் சரிகிறது. ஆறு பேரின் படங்களிலும் நான் அதிகம் ரீவைண்ட் செய்த இடம் இதுதான்.

அதே படத்தின் முடிவில் ஒரு ஓட்டை இருக்கிறது. முகமூடிக்குள் கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை பூசியிருப்பார்கள், தோல் தெரியாமலிருக்க. செலினா முன்னால் கீட்டன் முகமூடியைக் கிழித்து எறியும்போது அந்த மை மாயமாக மறைந்திருக்கும். முதல் தடவை கண்ணில் படாது. ஒரு தடவை பட்டுவிட்டால் அப்புறம் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. இந்த மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறாவது ஆளான ராபர்ட் பேட்டின்சனிடம் வரும்போது வேண்டியிருக்கும்.

வால் கில்மர் (1995) இந்த வரிசையில் அநியாயமாக மறக்கப்பட்டவர். ஜோயல் ஷூமாக்கரின் படம் நியான் விளக்கும் கூச்சலுமாக இருக்கிறது, ஜிம் கேரி ஒரு பக்கம் டாமி லீ ஜோன்ஸ் ஒரு பக்கம் போட்டி போட்டுக் கத்துகிறார்கள். நடுவில் கில்மர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். பழிவாங்கத் துடிக்கும், பின்னால் ராபின் ஆகப்போகும் டிக் கிரேசனிடம், அவனைக் கொன்றாலும் வலி போகாது, அடுத்த முகத்தைத் தேடி இன்னொரு இரவு கிளம்புவாய், அதற்கப்புறம் இன்னொன்று என்று சொல்கிறாரே, அந்தப் பேச்சைப் படத்திலிருந்து தனியாக வெட்டி எடுத்துக் கேட்டுப் பாருங்கள். இன்னொரு இடம்: சேஸ் என்கிற டாக்டர் பேட்மேனிடம், மன்னித்துவிடுங்கள், எனக்கு வேறொருவரைப் பிடித்துவிட்டது என்கிறாள். அந்த வேறொருவர் ப்ரூஸ். கில்மர் திரும்பிக்கொண்டு, முகமூடிக்குள்ளிருந்து உதட்டோரம் ஒரு சிரிப்பு சிரிக்கிறார். வாயை மட்டும் வைத்து இவ்வளவு சொல்ல முடியும் என்று காட்டிய இடம். அந்த உடைக்குள் காது கேட்காது, உட்காரவும் எழுந்திருக்கவும் ஆள் வேண்டும், போகப்போக யாரும் பக்கத்தில் வந்து பேசுவதையே விட்டுவிட்டார்கள் என்று பின்னாளில் தன்னைப் பற்றிய ஆவணப்படத்தில் சொன்னார். 2025-ல் அவர் காலமான பிறகு பலர் இந்தப் படத்தைத் தேடிப் பார்த்தார்கள் என்றால் சந்தோஷம்தான்.

ஜார்ஜ் க்ளூனியை (1997) அடிக்காதவர் இல்லை. அவரே வருஷக்கணக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஐஸ் மேல் சறுக்குவதற்குப் பூட்ஸிலிருந்து பிளேடு வருவதும், இடுப்பிலிருந்து பேட் கிரெடிட் கார்டை உருவுவதும் காப்பாற்றக்கூடிய காட்சிகள் இல்லை. முகமூடி போட்டாலும் கழற்றினாலும் அதே க்ளூனி, அதே தலையாட்டல், அதே குரல். ஆனால் நோயில் படுத்திருக்கும் வீட்டுப் பட்லர் ஆல்ஃபிரட் பக்கத்தில் அவர் உட்கார்ந்து பேசும் இரண்டு நிமிடம் மட்டும் வேறு படத்திலிருந்து வந்து விழுந்த மாதிரி இருக்கும். 1989-லிருந்து நான்கு படங்களிலும் ஆல்ஃபிரடாக இருந்தவர் மைக்கேல் காஃப். அந்தப் பழக்கமும் அந்தக் காட்சிக்குக் கை கொடுக்கிறது. அந்த இரண்டு நிமிடத்துக்காக முழுப் படத்தையும் யாரும் பார்க்கவேண்டியதில்லை.

கிறிஸ்டியன் பேல் விஷயத்தில்தான் வருடங்கள் பெரிய வேலை செய்கின்றன. மூன்று படங்கள் (2005, 2008, 2012), ஒரே இயக்குநர், ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரே கதை. வேறு யாருக்கும் இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. முதல் பார்வையில் எல்லாரையும் பிடித்தது அந்தக் கரகர குரல். பல வருடம் கழித்து முதலில் சலிப்பதும் அதுதான். ஒரு வரி இரண்டு வரி என்றால் மிரட்டுகிறது. இரண்டாவது படத்தின் முடிவில் போலீஸ் அதிகாரி கார்டனிடம் நீளமாகத் தத்துவம் பேசும்போது, பாவம், தொண்டைக்குத் தண்ணீர் கொடுங்கப்பா என்று தோன்றுகிறது. ஆடிஷனில் கில்மரின் பழைய உடையைத்தான் பேல் போட்டு நடித்துக் காட்டினார். அந்த உடையில் மிருகமாக மாறினால்தான் எடுபடும் என்று குரலை அங்கே பிடித்ததாகச் சொல்வார். ஆக, அந்தக் குரல் யோசித்து எடுத்த முடிவுதான், ஆனால் நீண்ட வசனத்தை அது தாங்கவில்லை.

சலிக்காதது பேலின் ப்ரூஸ். உண்மையில் அவர் மூன்று பேராக நடிக்கிறார்: பேட்மேன், ஆல்ஃபிரடுக்கு மட்டும் தெரிந்த ப்ரூஸ், ஊருக்குக் காட்டுகிற உதவாக்கரைப் பணக்காரன். இந்த மூன்றாவது ஆளைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் ரசிக்கிறேன். 2008 படத்தில் ஒரு வேன்மேல் மோத வரும் வண்டியைத் தடுக்க ப்ரூஸ் தன் விலை உயர்ந்த லம்போர்கினியைக் குறுக்கே விட்டு நொறுக்குகிறார். கார்டன் ஓடி வந்து, துணிச்சலான காரியம் செய்தீர்கள் என்கிறார். சிக்னலைப் பிடிக்கப் பார்த்ததா என்று அப்பாவியாகக் கேட்கிறார் ப்ரூஸ். வேனைக் காப்பாற்றத்தானே என்று கேட்டால், ஏன், அதில் யார் இருக்கிறார்கள் என்று பதில். அப்புறம், நான் ஆஸ்பத்திரிக்குப் போகணுமோ என்று ஒரு கேள்வி. நீங்கள் செய்தியே பார்ப்பதில்லையா என்று கார்டன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு நொடிகூடப் பேல் நம் பக்கம் திரும்பிக் கண்ணடிப்பதில்லை, முட்டாள்தனத்தை முழு மரியாதையோடு நடிக்கிறார். அதே படத்தில்தான், தலையைத் திருப்ப வசதியாக ஒரு உடை வேண்டும் என்று ப்ரூஸ், தனக்குக் கருவிகள் செய்து தரும் லூசியஸிடம் கேட்கிறார். கீட்டனின் கழுத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாக வரும். விசாரணை அறையில் ஜோக்கரை அடித்து அடித்து ஓய்ந்து, அடியால் ஒன்றும் ஆகாது என்று புரிகிறபோது அவர் கண்ணில் வரும் பதற்றமும் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜரின் சிரிப்புக்கு நிகராக நிற்கிறது. எல்லாரும் லெட்ஜரையே பார்ப்பதால் கவனிக்கப்படாமல் போகிறது.

பென் அஃப்லெக்கிடம் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 2016 படத்தின் தொடக்கம் மாதிரி ஒரு ப்ரூஸ் வேய்ன் காட்சி வேறு எங்கும் இல்லை. கட்டடங்கள் சரிகின்றன, ஜனம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது, ப்ரூஸ் மட்டும் புழுதி மேகத்துக்குள் ஓடுகிறார். ஒரு சிறுமியை இழுத்துக் காப்பாற்றி, அம்மா எங்கே என்று கேட்கிறார். குழந்தை இடிந்த கட்டடத்தைக் கைகாட்டுகிறது. அவளை அணைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். காதோர நரையும் சோர்வும் கோபமும் எல்லாம் அந்த முகத்தில் இருக்கிறது, வேஷம் எதுவும் தேவைப்படவில்லை. கிடங்குச் சண்டையையும் பலர் போல நானும் தனியாக எடுத்துப் பார்ப்பதுண்டு. குரலுக்கு மெஷின் வைத்தது பேல் சிக்கலுக்கு நல்ல தீர்வு, மனிதத் தொண்டை கஷ்டப்படவேண்டாம். ஆனால் அதற்கப்புறம் அவருக்கென்று முழுசாக ஒரு தனிப்படம் வரவே இல்லை. பெரிய கூட்டத்தில் ஒருவராகவே வந்து போய்விட்டார். எனக்குப் பிடித்த தொடக்கத்தை வைத்துக்கொண்டு அவருக்கு எவ்வளவு மார்க் போடுவது என்பது இன்னும் பிடிபடவில்லை.

ராபர்ட் பேட்டின்சனுக்கு (2022) என் அளவுகோலே சரியாகப் பொருந்தவில்லை. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படத்தில் ப்ரூஸ் வேய்ன் கொஞ்ச நேரம்தான். பேட்மேன் ஆகி இரண்டாவது வருடம், ஊருக்குக் காட்ட ஒரு பணக்கார வேஷம் போடவேண்டும் என்றுகூட இவனுக்குத் தோன்றவில்லை. மேயரின் சாவுக்கு வருகிறவன் யார் முகத்தையும் சரியாகப் பார்க்காமல் நிற்கிறான். முகமூடியைக் கழற்றினாலும் கண்ணைச் சுற்றி அந்தக் கறுப்பு மை அப்படியே ஒழுகிக்கொண்டிருக்கிறது. 1992-ல் ஒளித்த மையை இயக்குநர் மாட் ரீவ்ஸ் 2022-ல் பாத்திரமாகவே ஆக்கிவிட்டார்: கழற்றினாலும் கழறாத வேஷம். பேட்டின்சன் பெரும்பாலும் கண்ணாலேயே நடிக்கிறார். கொலை நடந்த அறைக்குள் அவர் மெதுவாக நடந்து வருவதையும், போலீஸ்காரர்கள் நெளிவதையும் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், பூட்ஸ் சத்தம் மட்டுமே பாதி நடிப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது போலீஸ் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கும் இடம். விளிம்புக்கு வந்து கீழே பார்த்ததும் ஒரு கணம் பயப்படுகிறார். மற்ற ஐந்து பேரும் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் குதித்து, பறந்து, பாலத்தில் மாட்டி, ரோட்டில் உருண்டு, நொண்டிக்கொண்டே போகிறார். குறை என்றால், ஒரே இறுக்கம். சிரிக்கத் தெரியாத ஆள்தான் என்றாலும், நாலாவது ஐந்தாவது தடவை பார்க்கும்போது கீட்டனின் சாப்பாட்டு மேசை மாதிரி ஒரு கோணல் தருணத்துக்கு மனம் ஏங்குகிறது.

கேள்வி கேட்பவர்களுக்காக: ஆம், 1993-ல் தியேட்டருக்கு வந்த கார்ட்டூன் படத்தில் கெவின் கான்ராயின் குரலும் இந்தப் போட்டியில் உண்டு. பெற்றோர் கல்லறை முன் மண்டியிட்டு, நான் சந்தோஷமாக இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை என்று கெஞ்சும் காட்சியைக் கேட்டுவிட்டு முகம் இல்லாத நடிகரை ஏன் சேர்த்தாய் என்று யாரும் கேட்கமாட்டீர்கள். ப்ரூஸுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு ஒரு குரல், இரண்டும் தொண்டையைக் கிழிக்காமல்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு பேலின் மூன்றையும் வரிசையாகக் கொடுப்பேன், கதை முழுசாகக் கிடைக்கும். எனக்கென்று ஒரு இரவு காலியாக இருந்தால் 1992 படத்தைத்தான் போடுவேன், விருந்துக் காட்சி வரை. தூக்கம் வரவில்லையென்றால் மை காணாமல் போகும் இடம் வரை.